சீனாவுக்கு நிரந்தர வர்த்தக அந்தஸ்து (2000): அமெரிக்க கம்பெனிகள் ஏன் அவ்வளவு மெனக்கெட்டன?

தறிநாடா:
2000 மே 24 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 4444 என்ற மசோதா 237-க்கு 197 என்ற கணக்கில் நிறைவேறியது. செப்டம்பர் 19-இல் செனட் 83-க்கு 15 என்று ஒப்புதல் தந்தது. அக்டோபர் 10-இல் கிளிண்டன் கையெழுத்திட்டார். சீனாவுடன் 'சாதாரண வர்த்தக உறவு' என்ற நிலையை, அதாவது மற்ற நாடுகளுக்குப் போடும் அதே குறைந்த வரியை, நிரந்தரமாக்கிய சட்டம் இது. அடுத்த ஆண்டு டிசம்பர் 11-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது.

இந்தச் சட்டத்துக்காக அமெரிக்கத் தொழில்துறை திரண்ட அளவுக்கு அதற்கு முன் திரண்டது 1993-இல் கனடா, மெக்சிகோவுடனான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனித் தலைவர்களின் பிசினஸ் ரவுண்ட்டேபிள், சேம்பர் ஆஃப் காமர்ஸ், உற்பத்தியாளர் சங்கம், விவசாயிகளின் ஃபார்ம் பீரோ என்று எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். போயிங், மோட்டோரோலா, கேட்டர்பில்லர் எல்லாம் முன்வரிசை. தொலைக்காட்சி விளம்பரம், தொகுதி தொகுதியாகக் கடிதம், தொழிற்சாலை மேலாளர்களை வாஷிங்டனுக்கு அழைத்துப்போய் எம்.பி.க்களைப் பார்க்க வைப்பது என்று மாதக்கணக்கில் நடந்தது.

எனக்குப் பல வருஷமாக உறுத்தும் விஷயம் இதுதான். இந்தச் சட்டத்தால் சீனப் பொருளுக்கு அமெரிக்கா வாங்கும் சுங்கவரி ஒரு பைசாகூடக் குறையவில்லை. 1980 முதலே சீனா குறைந்த வரியில்தான் விற்றுக்கொண்டிருந்தது. வரியே மாறாத ஒரு சட்டத்துக்கு ஏன் இத்தனை செலவு, இத்தனை அலைச்சல்?

என் பதில்: கம்பெனிகள் வாங்கியது வரிக்குறைப்பை அல்ல, நிச்சயத்தை. வெளியே மக்களிடம் சொன்னதோ ஏற்றுமதி பெருகும் என்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பின்னால் வந்த அரசியல் வெடிப்புகளுக்கெல்லாம் அடிப்படை. மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

நெய்தல்:
ஒரு சந்தேகம். 1980-லிருந்தே குறைந்த வரி என்றால் 2000 வரைக்கும் என்ன தடை இருந்தது? நிச்சயம் இல்லை என்றால் எந்த விதத்தில்? கொஞ்சம் விளக்க முடியுமா?

தறிநாடா:
நல்ல கேள்வி. 1974 வர்த்தகச் சட்டத்தில் ஜாக்சன்-வேனிக் திருத்தம் என்று ஒன்று உண்டு. சோவியத் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற விடாததற்குப் பதிலடியாகக் கொண்டுவந்தது. மக்களை வெளியேற விடாத, சந்தைப் பொருளாதாரம் இல்லாத நாடுகளுக்குச் சாதாரண வரி கிடையாது. ஜனாதிபதி ஆண்டுதோறும் விலக்கு அளிக்கலாம். நாடாளுமன்றம் அதை மறுக்கலாம். சீனா அந்த விலக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

1989 தியானன்மென் வரைக்கும் இது சடங்கு மாதிரி நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போராட்டம். 1992-இல் நிபந்தனை விதிக்கும் மசோதா இரு சபையிலும் நிறைவேறி, புஷ் (அப்பா) வீட்டோ போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. கிளிண்டன் 1993-இல் மனித உரிமையை நிபந்தனையாக்கினார். கம்பெனிகள் கொடுத்த நெருக்கடியில் 1994 மே மாதம் அதைக் கைவிட்டார்.

விலக்கு ஒரு வருஷம் போனால் என்ன ஆகும்? 1930-இல் ஸ்மூட்-ஹாலி சட்டம் போட்ட மிக உயர்ந்த வரிக்குத் திரும்பிவிடும். பியர்ஸ், ஷாட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: 1999-இல் சாதாரண வரி சராசரியாக 4 சதவீதம்; விலக்கு போனால் 37 சதவீதம். இந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்கும்போது சீனாவின் ஷென்சனில் எவன் நூறு மில்லியன் டாலரில் ஆலை கட்டுவான்?

பனியன்காரர்:
திருப்பூருங்க நான். அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு சரி. எங்க தொழில்ல பையர் வெலையை மட்டும் பாக்கிறதில்லை. இன்னைக்குப் பேசுற ஆர்டர் ஷிப்மென்ட் ஆக ஆறேழு மாசம் ஆகும். சரக்கு அங்க போய் இறங்குற அன்னைக்கு என்ன வரின்னு தெரியாட்டி அவன் கையெழுத்தே போடமாட்டான். 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப என்ன ஆச்சுன்னு நாங்க பாத்தோம். 50 சதவீதம் ஒரு அடின்னா, நாளைக்கு இது ஏறுமா எறங்குமான்னு தெரியாதது இன்னொரு அடி. சில பையருங்க "வரி எவ்வளவுன்னு முடிவாகட்டும், அப்புறம் பேசலாம்"னு சாம்பிளோட நிறுத்திட்டாங்க. சீனாக்காரனுக்கு 2000-ல கெடைச்சது என்னன்னு எங்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாங்க.

கணக்கர்:
தறிநாடா அவர்களின் பார்வை பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில், பேரத்தில் சீனா கொடுத்தது ஒன்றும் கொஞ்சமில்லை. 1999 நவம்பர் 15-இல் பெய்ஜிங்கில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சார்லீன் பார்ஷெஃப்ஸ்கி முடித்த ஒப்பந்தத்தின்படி, 80 முதல் 100 சதவீதம் வரை இருந்த கார் வரி 2006-க்குள் 25-க்கு இறங்கியது. அமெரிக்கா முக்கியம் என்று கருதிய விவசாயப் பொருள்களுக்கு 31-லிருந்து 14 சதவீதம். வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு திறந்தன. அமெரிக்கா தந்ததோ ஏற்கெனவே தந்துகொண்டிருந்ததுதான்.

இரண்டாவது, சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்வதை இந்த ஓட்டால் தடுத்திருக்க முடியாது. ஜப்பானும் ஐரோப்பாவும் காத்துக்கொண்டிருந்தன. நிபந்தனை இல்லாத சம அந்தஸ்து கொடுக்காத நாடு சீனாவின் அந்தச் சலுகைகளை உரிமையாகக் கேட்க முடியாது. மசோதா தோற்றிருந்தால் ஏர்பஸ் விற்றிருக்கும், போயிங் வேடிக்கை பார்த்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் தொழில்துறை சும்மா இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

மூன்றாவது, ஐயோவா, இல்லினாய் சோயா விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். 2017-இல் அமெரிக்கா சீனாவுக்கு விற்ற சோயா சுமார் 12 பில்லியன் டாலர். 2018-இல் சீனா பதிலடி வரி போட்டதும் அது 3 பில்லியன் அளவுக்குச் சரிந்தது. அந்தச் சந்தை இருந்ததால்தானே இழக்க முடிந்தது? ஏற்றுமதி வாக்குறுதி பொய் என்று சொல்லிவிட முடியாது.

பாலாறு:
நான் வட கரோலைனாவில் சார்லட் பக்கம் குடியிருக்கிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கன்னாபொலிஸ் என்ற ஊர். துண்டு, படுக்கை விரிப்பு செய்யும் கேனன் மில் கட்டிய ஊர். பின்னாளில் அது பில்லோடெக்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. 2003 ஜூலை 30-இல் பில்லோடெக்ஸ் ஒரேயடியாக மூடியது. எல்லா இடமும் சேர்த்து ஏறத்தாழ 6,450 பேருக்கு வேலை போனது. இந்த மாநிலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். மாநில வரலாற்றிலேயே ஒரே நாளில் அத்தனை பேருக்கு வேலை போனது அதுதான் முதல் தடவை. மூடியதற்குச் சீன இறக்குமதி மட்டும் காரணம் இல்லை, கடன் சுமையும் உண்டு. ஆனால் அவ்வளவு பழைய மில்லுக்கு மீண்டு எழ வழி இல்லாமல் போனதற்கு இறக்குமதிதான் காரணம் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த மில்லை இடித்துவிட்டு இப்போது அங்கே ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. நல்ல கட்டடங்கள். எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் மாமியார் அந்த மில்லில் தையல் பிரிவில் இருந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஐம்பது தாண்டிய வயது. அந்த வளாகத்தில் அவருக்கு என்ன வேலை கிடைக்கும்?

கணக்கர் ஐயா சொல்லும் சோயா ஐயோவாவில் விளைகிறது. கன்னாபொலிஸில் போன வேலைக்கு ஐயோவாவில் ஏறிய வருமானம் ஈடாகாது. நாட்டுக்கணக்கில் கூட்டிக் கழித்தால் சரியாக வரலாம், ஊர்க்கணக்கில் வராது.

வழக்காடி:
ஓட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கம்பெனிகளின் வேலை எங்கே பலித்தது என்பது அதில்தான் தெரிகிறது. 237-இல் 164 பேர் ரிபப்ளிகன், 73 பேர் டெமாக்ரட். கிளிண்டனின் சொந்தக் கட்சியில் 138 பேர் எதிர்த்தார்கள். அவர் கட்சியின் சபைத் தலைவர் கெப்ஹார்ட், கொறடா போனியர், பெலோசி எல்லோரும் எதிர்ப்பு. போனியர்தான் எதிரணிக்குத் தளபதி, ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ. தொழிற்சங்கம் அவருக்குப் பக்கபலம். சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்புக்கு எதிராகத் தெருவே கொந்தளித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதனால் கம்பெனிகளுக்கு முழுச் சபையும் தேவைப்படவில்லை. தள்ளாடிக்கொண்டிருந்த டெமாக்ரட் கொஞ்சம் பேர் போதும். அவர்களுடைய தொகுதியில் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பண்ணை சீனாவுக்கு என்ன விற்கிறது என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து மேசையில் வைத்தார்கள். தொழிற்சங்கத்தின் கோபத்தைத் தாங்க அவர்களுக்கு ஒரு காரணமும் வேண்டியிருந்தது. அதற்குத்தான் சாண்டர் லெவின், டக் பெரியூட்டர் என்ற இரண்டு எம்.பி.க்கள் கொண்டுவந்த சேர்க்கை: சீனாவின் மனித உரிமையைக் கண்காணிக்க ஒரு ஆணையம், இறக்குமதி திடீரென்று பெருகினால் தடுக்க ஒரு பாதுகாப்புப் பிரிவு. அதைக் காட்டித்தான் பலர் ஆதரவு ஓட்டுப் போட்டார்கள்.

இன்னொன்று. 1999 ஏப்ரலில் சீனப் பிரதமர் ஜு ரோங்ஜி வாஷிங்டன் வந்தபோதே ஒப்பந்தம் கிட்டத்தட்டத் தயார். கிளிண்டன் தயங்கி வெறுங்கையோடு அனுப்பினார். சீனா ஒத்துக்கொண்ட சலுகைகளின் பட்டியலை அமெரிக்கத் தரப்பே வெளியிட்டதும் கம்பெனிகள் அதைப் படித்துவிட்டுக் கொதித்தன. நவம்பரில் கையெழுத்தானதற்கு அந்தக் கொதிப்பும் ஒரு காரணம்.

நெய்தல்:
//இறக்குமதி திடீரென்று பெருகினால் தடுக்க ஒரு பாதுகாப்புப் பிரிவு//

இது இருந்ததா? பிறகு ஏன் கன்னாபொலிஸ் மாதிரி ஊர்களுக்கு உதவவில்லை?

வழக்காடி:
அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். 421-ஆம் பிரிவு. சீனப் பொருள் சந்தையைக் குலைக்கிறது என்று அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணையம் கண்டறிந்தால் ஜனாதிபதி வரி போடலாம். புஷ் (மகன்) காலத்தில் இரும்புக்குழாய், துணி மாட்டும் கம்பி ஹேங்கர், குடிநீர்க் குழாய் இணைப்பு என்று ஆணையம் பாதிப்பு உண்டு என்று சொன்ன வழக்குகள் அவர் மேசைக்கு வந்தன. ஒன்றில்கூட அவர் வரி போடவில்லை. முதல் தடவையாக ஒபாமாதான் 2009 செப்டம்பரில் டயருக்கு 35 சதவீதம் போட்டார், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 25 என்று குறையும்படி. 2013 டிசம்பரில் அந்தப் பிரிவே காலாவதியானது.

அந்த டயர் வழக்கைப் போட்டது யார் தெரியுமா? எஃகுத் தொழிலாளர் சங்கம். டயர் கம்பெனிகள் அதில் சேரவில்லை. அவற்றில் சில அப்போது சீனாவிலேயே டயர் செய்துகொண்டிருந்தன. சட்டத்தை நிறைவேற்றுவதற்கு ஓடி ஓடி உழைத்த தொழில்துறையிலிருந்து, அதே சட்டத்தின் பாதுகாப்புப் பிரிவைப் பயன்படுத்துங்கள் என்று யாரும் அப்படி ஓடவில்லை.

கணக்கர்:
பாலாறு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் வேலை இழப்பு முழுவதையும் இந்தச் சட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2000-இல் சுமார் 1.7 கோடி பேர் வேலை பார்த்த அமெரிக்க உற்பத்தித்துறையில் 2010 தொடக்கத்தில் இருந்தவர்கள் 1.15 கோடி. இதில் 2001 மந்தம், 2008 நெருக்கடி, இயந்திரமயம் எல்லாம் கலந்திருக்கின்றன. சீனப் போட்டியின் பங்கை ஆராய்ந்த அசெமோக்லு, ஆட்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்களின் குழு 1999 முதல் 2011 வரை ஏறத்தாழ 20 முதல் 24 லட்சம் வேலை என்று மதிப்பிட்டது, அதுவும் எல்லாத் துறையும் சேர்த்து. பெரிய எண்தான். ஆனால் பாதிக்கு மேல் வேறு காரணங்கள். சீனா 2000-க்கு முன்பே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த வளர்ச்சி நின்றிருக்காது.

தறிநாடா:
கணக்கர் அவர்களே, அதற்காகத்தான் பியர்ஸ்-ஷாட் ஆய்வைச் சொன்னேன். அவர்கள் தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். விலக்கு போயிருந்தால் எந்தெந்தப் பொருளுக்கு வரி அதிகமாக எகிறியிருக்குமோ, அந்தத் தொழில்களில்தான் 2000-க்குப் பிறகு வேலை அதிகமாகச் சரிந்தது. இயந்திரமயம்தான் முழுக் காரணம் என்றால் சரிவு ஏன் அந்த வரிசையில் நிற்க வேண்டும்? ஐரோப்பாவையும் ஒப்பிட்டார்கள். ஐரோப்பாவில் சீனாவுக்கு இப்படி ஆண்டுதோறும் கத்தி தொங்கியதில்லை, அதனால் அங்கே 2000-இல் எதுவும் மாறவில்லை. அந்தச் சரிவு வரிசையும் அங்கே தென்படவில்லை.

நீங்கள் சொன்ன கார் வரிக்கும் வருகிறேன். வரி 25-க்கு இறங்கியது உண்மை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் டெட்ராய்ட்டிலிருந்து கப்பலில் ஏற்றியா சீனாவில் விற்றது? ஷாங்காயில் கூட்டுக் கம்பெனி 1997-லேயே ஆரம்பித்தாகிவிட்டது. 2010-இல் ஜி.எம். அமெரிக்காவில் விற்றதைவிடச் சீனாவில் அதிகம் விற்றது. அதில் மிகப் பெரும்பாலானவை சீனத் தொழிலாளி செய்த கார். கம்பெனிக்கு லாபம், பங்குதாரருக்கு லாபம், குறை சொல்லவில்லை. ஆனால் 2000-இல் மிச்சிகன் எம்.பி.யிடம் "உங்கள் தொகுதியின் ஏற்றுமதி பெருகும்" என்று சொன்னபோது இது மனதில் இல்லாமலா இருந்திருக்கும்? சீனாவுடன் சரக்கு வர்த்தகத்தில் அமெரிக்காவின் பற்றாக்குறை 2000-இல் ஏறத்தாழ 84 பில்லியன் டாலர். 2018-இல் அது 418 பில்லியன் அளவு.

முதலீட்டுப் பாதுகாப்புக்காகக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு ஈடாக வேலை இழப்பவர்களுக்கு உருப்படியான ஏற்பாட்டுக்கும் அதே கம்பெனிகள் வாதாடியிருந்தால், எனக்கு இந்தக் கோபம் இருந்திருக்காது. வேலை இழந்தவர்களுக்கான டி.ஏ.ஏ. திட்டம் என்று ஒன்று 1962 முதல் உண்டு. 2022 ஜூலையில் அதுவும் காலாவதியாகி, புது மனுக்களை ஏற்பதையே நிறுத்திவிட்டார்கள். அதைக் காப்பாற்ற 2000-இல் பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது திரண்டதா?

பனியன்காரர்:
எங்க பக்கத்துக் கதை ஒண்ணு சொல்லிடறேனுங்க. சீனா உலக வர்த்தக அமைப்புல சேர்ந்ததால, 2005 ஜனவரி 1-ம் தேதி ஜவுளிக் கோட்டா முடிஞ்சப்போ அவனுக்கும் கோட்டா போயிருச்சு. திருப்பூர்ல அப்ப எல்லாரும் ஒரே நேரத்துல சந்தோசமாவும் இருந்தோம், பயந்தும் கெடந்தோம். கோட்டா போனா நம்மளும் எவ்வளவு வேணா அனுப்பலாம், ஆனா சீனாக்காரன் சுனாமி மாதிரி வருவானேன்னு. அதே மாதிரி அந்த வருசம் மொதல் சில மாசத்துலயே அமெரிக்காவுல சீனச் சரக்கு குமிஞ்சுருச்சு. அப்பறம் நவம்பர்ல ரெண்டு பேரும் பேசி 2008 கடைசி வரைக்கும் ஒரு வரம்பு வெச்சுக்கிட்டாங்க. அந்த மூணு வருசம் எங்களுக்கு மூச்சு விட நேரம் கெடைச்சுது. நெறைய கம்பெனி அப்பத்தான் மெசின் மாத்துனாங்க.

அங்க அமெரிக்க மில்லுக்காரங்க சண்டை போட்டு வாங்குன வரம்பு இங்க எங்களுக்கு உதவுச்சுங்க. பாலாறு அண்ணன் சொன்ன ஊர்க்காரங்களுக்கு அது பத்தலைன்னு இப்பத்தான் தெரியுது.

பாலாறு:
பனியன்காரர் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கத் தொழில்துறை முழுக்க ஒரே பக்கம் என்பதும் சரியில்லை. தென் கரோலைனாவின் பெரிய ஜவுளி முதலாளி ரோஜர் மில்லிகன் நாஃப்டாவையும் எதிர்த்தார், இதையும் எதிர்த்தார், எதிர்ப்பு இயக்கங்களுக்குப் பணமும் கொடுத்தார். சிறு உற்பத்தியாளர்களில் பலர் அந்தப் பக்கம். ஆனால் வாஷிங்டனில் 'பிசினஸ்' என்று பேசினால் பிசினஸ் ரவுண்ட்டேபிள் குரல்தான் கேட்கும். பக்கத்து ஊர் நாற்காலிப் பட்டறைக்காரர் குரல் கேட்காது.

கயல்:
மனித உரிமைப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. சட்டம் வந்தால் சீனா திறந்துகொள்ளும், இணையம் போய்ச் சேரும், சுதந்திரம் வளரும் என்று கிளிண்டனும் சொன்னார், கம்பெனிகளும் சொன்னன. இதை நம்பியவர்கள் எல்லோரும் முதலாளிகள் இல்லை. ஹாங்காங் ஜனநாயகவாதி மார்ட்டின் லீ ஆதரித்தார். யாங்சி அணையை எதிர்த்தவரும் சிறை போனவருமான எழுத்தாளர் தாய் சிங்கும் ஆதரித்தார். சிறையில் பல ஆண்டு கிடந்த வெய் ஜிங்ஷெங், ஹாரி வூ இருவரும் எதிர்த்தார்கள். அடிபட்டவர்களுக்குள்ளேயே பிளவு.

கம்பெனிகளின் ஆதரவை வெறும் பேராசை என்று முடித்துவிட என்னால் முடியவில்லை. ஆனால் 1994-க்கு முன்னால் ஆண்டுதோறும் அந்த ஓட்டு நெருங்கும் சமயங்களில் சீனா சில கைதிகளை விடுவித்தது உண்மை. அந்தப் பிடியை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்தது ஒரு கண்காணிப்பு ஆணையம். அது இன்றும் அறிக்கை எழுதுகிறது, நல்ல அறிக்கைகள். பெய்ஜிங்கைக் கட்டுப்படுத்த அதனிடம் ஒன்றும் இல்லை.

கணக்கர்:
கயல் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கம்பெனிகள் நினைத்தால் எந்தச் சட்டமும் நிறைவேறும் என்று இந்த இழையைப் படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. பசிபிக் கரை நாடுகளின் டி.பி.பி. வர்த்தக ஒப்பந்தம் 2016 பிப்ரவரியில் கையெழுத்தானது. பெரிய கம்பெனிகளின் சங்கங்கள் ஆதரித்தன. நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கே வரவில்லை. 2017 ஜனவரியில் டிரம்ப் விலகினார். வளரும் நாடுகளின் சரக்குக்கு அமெரிக்கா தந்த ஜி.எஸ்.பி. வரிச்சலுகைத் திட்டம் 2020 டிசம்பர் 31-இல் காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி இறக்குமதியாளர்கள் வருஷக்கணக்கில் கெஞ்சியும் நடக்கவில்லை. (இந்தியாவை அதிலிருந்து 2019 ஜூன் 5-லேயே நீக்கிவிட்டார்கள்.)

தறிநாடா:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏன் என்று பாருங்கள். ஜி.எஸ்.பி.யை நம்பி இருப்பவர்கள் பெரும்பாலும் சிறிய, நடுத்தர இறக்குமதியாளர்கள். போயிங் அளவுக்கு அவர்களுக்குக் குரல் இல்லை. டி.பி.பி.யின் கதை வேறு. அது வந்த நேரத்தில் 2000-இன் வாக்குறுதி என்னவாயிற்று என்பதை கன்னாபொலிஸ் மாதிரி நூறு ஊர் பார்த்து முடித்திருந்தது. அதே சங்கங்கள் அதே "ஏற்றுமதி பெருகும்" பட்டியலோடு வந்தபோது நம்ப ஆள் இல்லை. 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் அதை எதிர்த்தார்கள்.

வழக்காடி:
வட கரோலைனா, வர்ஜீனியா மரச்சாமான் வழக்கையும் பார்க்கச் சொல்வேன். படுக்கையறை மரச்சாமான்கள் சீனாவிலிருந்து அடிமாட்டு விலைக்கு வருகின்றன என்று 2003-இல் உற்பத்தியாளர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மனுப்போட்டார்கள். ஜான் பாசெட் என்ற ஆலை முதலாளி முன்னால் நின்றார். எதிர்த்தவர்களில் அமெரிக்கச் சில்லறைக் கடைக்காரர்களும் இருந்தார்கள், சீனாவில் செய்ய வைத்து இங்கே விற்ற அமெரிக்கக் கம்பெனிகளும் இருந்தன. 2005 தொடக்கத்தில் வரி அமலுக்கு வந்தது. ஆர்டர்களில் பெரும்பகுதி வியட்நாமுக்கு நகர்ந்தது.

பாலாறு:
ஆமாம், பாசெட்டின் அந்த ஆலை தாக்குப்பிடித்தது, வர்ஜீனியாவில் கேலக்ஸ் என்ற ஊரில். வரிப்பணத்தில் ஒரு பங்கு மனுப்போட்ட கம்பெனிகளுக்கே போகும்படி அப்போது ஒரு சட்டம் இருந்தது, பேர்டு திருத்தம் என்பார்கள். அந்தப் பணத்தை இயந்திரத்தில் போட்டு ஆலையைக் காப்பாற்றினார்கள். அந்தத் திருத்தத்தை 2006-இல் ரத்து செய்தார்கள். அதை ரத்து செய்ய யார் யார் வாதாடினார்கள் என்று யாராவது தேடி எழுதினால் நன்றாக இருக்கும்; நான் அடுத்த வாரம் கேலக்ஸ் பக்கம் போகிறேன், அங்கே கிடைப்பதை இங்கே போடுகிறேன்.